‘உங்களைப் பற்றி’ என்ற பெட்டியில் என்ன எழுதுகிறீர்கள்?

நடுப்பக்கம் (சென்னை) · திங்கள், காலை 9.40

வேலையில் ஒரு சின்னச் சிக்கல், அதை வைத்து ஒரு கேள்வி.

எங்கள் குழு இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் சோதனை செய்து கொடுக்கிறது. ஒருவர் அமெரிக்கா, இன்னொருவர் ஜப்பான். குழுவில் யார் யார் இருக்கிறோம் என்று இரண்டு பக்கமும் ஒரு தாள் அனுப்ப வேண்டும், ஆளுக்கு மூன்று வரி. நான் எழுதியது இது: “2014 முதல் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இப்போது ஆறு பேர் குழுவில் பணம் செலுத்தும் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.”

அமெரிக்க மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். குழு தெரிகிறது, நீ தெரியவில்லையே என்றார். கடைசி வரியைப் படித்துவிட்டு, பயிற்சியில் இருக்கும் ஆளா என்று வேறு விசாரித்திருக்கிறார். சரி என்று “சிக்கலான பிழைகளைத் துரத்திப் பிடிப்பதில் தீராத ஆர்வம் கொண்டவள்” என்று ஒரு வரி போட்டேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதையே ஜப்பானுக்கும் அனுப்பினோம். அங்கிருந்து மிகப் பணிவாக ஒரு பதில்: தங்கள் ஆர்வம் மகிழ்ச்சி அளிக்கிறது, எந்தப் பகுதிக்குத் தங்களிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் எல்லோருடைய பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்கக்காரர் ‘அப்பா, கணவன், காபிப் பைத்தியம், கருத்துகள் என் சொந்தக் கருத்துகள்’ என்று எழுதியிருக்கிறார். ஜப்பான்காரருக்குப் படம் கூட இல்லை, ஒரு பூனைதான் இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தி ‘அப்பாவின் இளவரசி’ என்று போட்டிருக்கிறாள், அவளுக்கு இரண்டு பிள்ளைகள். என் அம்மாவின் வாட்ஸ்அப்பில் மூன்று வருடமாக ‘அட் த ஜிம்’ என்று இருக்கிறது. அம்மாவுக்கு வயது 67, கும்பகோணத்தில் இருக்கிறார், ஜிம் எந்தத் தெருவில் என்று கூடத் தெரியாது.

வெளியூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அங்கே ஆட்கள் தங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள்?

கோவைக்கிளி · திங்கள், காலை 9.52

அதெல்லாம் இருக்கட்டும், அம்மா ஜிம்முக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார்?

ஒசாகா_கடைசிரயில் · திங்கள், காலை 11.15

நான் இங்கே வந்து பதினோரு வருடம். ஜப்பான்காரர்கள் அப்படிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே ஒருவர் முதலில் சந்திக்கும்போது கம்பெனி பெயர் முன்னால் வரும், தன் பெயர் பின்னால். ‘இன்ன கம்பெனியின் தனாகா.’ அந்த ‘இன்’ இல்லாமல் தனாகாவை எங்கே வைத்துப் பேசுவது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

ஆனால் ஜப்பானியர் தங்களைப் பற்றி எழுதவே மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுவார்கள், ஆள் தெரியாத இடத்தில். என் பிரிவில் ஒருவர், கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் மதுவிடுதியில் தன் ட்விட்டர் கணக்கைக் காட்டினார் (எக்ஸ் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை). பெயர் ஒரு ரயில் எஞ்சின் எண். கீழே இப்படி:

‘ரயில் / கான்சாய் / முப்பதுகளில் / படம் எடுப்பவன் / பழைய டீசல் என்றால் உயிர் / சொல்லாமல் பின்தொடர்வதற்கு மன்னிக்கவும் / பின்தொடர்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்’

கான்சாய் என்பது ஒசாகா இருக்கும் வட்டாரம். நடுவில் எல்லாம் சாய்கோடு. அந்த மன்னிப்பைக் கவனியுங்கள். ஒருவரைப் பின்தொடர ஒரு பொத்தானை அழுத்துகிறோம், அதற்கு முன்கூட்டியே மன்னிப்பு. ‘முகோன் ஃபோரோ ஷிட்சுரேய் ஷிமாசு’ என்பார்கள். நம் ஊரில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டு ‘சும்மா இப்படிப் போனேன், எட்டிப் பார்த்தேன்’ என்போமே, அதன் எழுத்து வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கணக்கு இருப்பது சாதாரணம். முதன்மைக் கணக்கு, பொழுதுபோக்குக் கணக்கு, அப்புறம் ‘உரா-அகா’, அதாவது பின்பக்கக் கணக்கு. அகா என்பது அக்கவுண்ட் என்பதன் சுருக்கம். எழுதும்போது அதே ஒலியுள்ள, அழுக்கு என்று பொருள்படும் எழுத்தைப் போடுவார்கள். பின்பக்க அழுக்கு. வேலை, மாமியார், மேலாளர் எல்லாம் அங்கேதான் கழுவப்படும்.

கிள்ளான்காரன் · திங்கள், மதியம் 1.05

எழுதுவது அப்புறம் அண்ணே, எங்களுக்குப் பெயரே உள்ளே போக மாட்டேன் என்கிறது. மலேசியத் தமிழர் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயர் ‘முருகன் ஏ/எல் பெருமாள்’ என்று இருக்கும். அனாக் லெலாக்கி, பெருமாளின் மகன். பெண் என்றால் ஏ/பி, அனாக் பெரெம்புவான். சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. ஒரு தளத்தில் பதிவு செய்யப் போனேன், சாய்கோடு செல்லாது என்றது. கோட்டை எடுத்துவிட்டுப் போட்டேன். நடுவில் ‘அல்’ என்று நின்றுவிட்டது. ஆறு மாதம் ஆட்கள் என்னை அரபுக்காரன் என்று நினைத்து ரமலான் வாழ்த்து அனுப்பினார்கள். நானும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், மறுக்க மனமில்லை.

தமிழ்நாட்டு ஆட்களுக்கும் இதே கதைதானே? குடும்பப் பெயர் போடு என்று கேட்டால் அப்பா பெயரைப் போடுவது, அப்புறம் வெள்ளைக்காரன் அப்பா பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுவது.

நடுப்பக்கம் · திங்கள், மதியம் 1.30

ஆமாம்! எங்கள் அமெரிக்க மேலாளர் முதல் மாதம் முழுக்க என்னை ‘ராமநாதன்’ என்றுதான் கூப்பிட்டார். அப்பா இறந்து நான்கு வருடம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திடுக்கிடும்.

இன்னொன்று, எழுத்து எண்ணிக்கை. ட்விட்டரில் தன்னைப் பற்றி எழுத 160, இன்ஸ்டாவில் 150. பெரும்பாலான பெட்டிகள் நம் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகின்றன. ‘நடுப்பக்கம்’ எனக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. ஜப்பானியர் ஓர் எழுத்தில் ஒரு சொல்லையே அடக்கிவிடுவார்கள். தன்னடக்கம் இருக்கிறதோ இல்லையோ, தமிழில் எழுதினால் அடக்கி எழுதித்தான் ஆக வேண்டும்.

மாயவரம்_வாத்தியார் · திங்கள், மாலை 6.20

பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். பேரன் இந்த இழையைக் காட்டினான்.

அம்மணி, உங்கள் சிக்கலுக்குப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே விதி எழுதி வைத்துவிட்டார். நன்னூல் பாயிரத்தில் வருகிறது: ‘தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே.’ யாருக்கும் தோன்றாததை நீ கண்டுபிடித்துப் பல துறையில் நூல் செய்து முடித்திருந்தாலும், உன்னை நீயே புகழாதே. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்த சூத்திரத்தைக் காட்ட மாட்டார்கள். அதில் நான்கு விலக்கு இருக்கிறது. அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது (‘மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கு’), தன் ஆற்றல் அறியாதவர் நடுவே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது (‘மறுதலை பழித்த காலை’). இந்த நான்கிலும் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம், தகும்.

நீங்கள் அமெரிக்காவுக்கு அனுப்பியது மன்னுடை மன்றத்து ஓலை. உங்களை முன்பின் அறியாதவரும் கூட. இரண்டு விலக்கு ஒருங்கே பொருந்துகிறது. தாராளமாக எழுதலாம்.

கோவைக்கிளி · திங்கள், மாலை 6.41

ஐயா, அப்படியானால் லிங்க்டுஇன் முழுக்க ஓலைத் தூக்கு. ட்விட்டர் முழுக்க மறுதலை பழித்த காலை. விதி எங்கே மிச்சம் இருக்கிறது?

மாயவரம்_வாத்தியார் · திங்கள், மாலை 7.02

தம்பி, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருக்கிறது. அங்கே உன் ஆற்றல் எல்லோருக்கும் தெரியும்.

கிள்ளான்காரன் · திங்கள், இரவு 8.10

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நம் ஆட்கள் அடக்கம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பு இரண்டு வரி, வேலை ஒரு வரி, ஊர் ஒரு வரி. தமிழ்நாட்டு ஃப்ளெக்ஸ் பேனர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாயவரம்_வாத்தியார் · திங்கள், இரவு 8.35

பத்திரிகையை யார் அச்சடிக்கிறார்? அப்பா. ‘எனது மகன் திருநிறைச்செல்வன்’ என்று அப்பா சொல்கிறார். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. நன்னூலில் இதற்கும் இடம் உண்டு. நூலாசிரியனுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதக் கடமைப்பட்டவர் யார் என்றால், அவனுடைய ஆசிரியன், உடன் படித்தவன், மாணாக்கன், உரைகாரன். புகழ்ச்சி வேண்டும்தான், அடுத்தவர் வாயால் வர வேண்டும்.

கோவைக்கிளி · திங்கள், இரவு 8.44

பேனரில் ‘இவண் அன்புத் தம்பிகள்’ என்று இருக்கும். பணம் கொடுத்தவர் அண்ணனேதான். எங்கள் தெருமுனை ஃப்ளெக்ஸ் கடையில் நான் பகுதி நேரமாக வேலை பார்த்திருக்கிறேன், வாசகத்தையும் அண்ணனே எழுதிக் கொண்டுவருவார். ‘எங்கள் விடிவெள்ளியே’ போதாது, ‘எங்கள் எழுச்சியே’யும் சேர் என்பார். தம்பிகள் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்.

ஒசாகா_கடைசிரயில் · செவ்வாய், காலை 7.30

வாத்தியார் சொன்னதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஆர்குட் டெஸ்டிமோனியல்! 2004-இல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் வந்தது. உன்னைப் பற்றி உன் நண்பன் எழுதுவான், நீ ஒப்புதல் கொடுத்தால் உன் பக்கத்தில் ஏறும். கல்லூரியில் கடைசி செமஸ்டரில் படிப்பை விட்டுவிட்டு இதைத்தான் செய்தோம். ‘டேய், எனக்கு ஒரு டெஸ்டி எழுதுடா’ என்று காண்டீனில் கெஞ்சல். வாத்தியார் பட்டியலில் வரும் ‘தன்னொடு கற்றோன்’ அச்சு அசலாக நாங்கள்தான்.

அதே 2004-இல் இங்கே மிக்சி என்ற சமூக வலைத்தளம் தொடங்கியது. 2010 வரை யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். அதிலும் ‘ஷோகாய்புன்’ என்று நண்பர்கள் உன்னை அறிமுகப்படுத்தி எழுதும் இடம் இருந்தது. கொரியாவில் அதே மாதிரி சைவேர்ல்ட் என்ற தளம். அங்கே நண்பருக்குப் பெயரே ‘இல்சோன்’. இல் என்றால் ஒன்று, சோன் என்பது உறவின் தூரத்தை எண்ணும் கணக்கு. பெற்றோர் பிள்ளைக்கு இடையே ஒரு சோன், உடன்பிறந்தாருக்கு இரண்டு. ஆக இணையத்தில் சேர்ந்த ஒருவர் அண்ணன் தம்பியை விட ஒரு படி நெருக்கம்! அந்த இல்சோன்களும் உன் பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரு வரி எழுதிப் போக முடிந்தது.

எனவே என் கட்சி இது: நம் பக்கத்து ஆட்கள் அடக்கமும் இல்லை, கர்வமும் இல்லை. தன்னைப் பற்றித் தானே ஒரு பெட்டியில் எழுது என்பதுதான் நமக்கு ஒட்டவில்லை.

ஸ்டுட்கார்ட்_சக்கரம் · செவ்வாய், மதியம் 12.20

கொஞ்சம் பொறுங்கள். ஆர்குட் கூகுள் தந்தது. அதை உருவாக்கியவர் துருக்கியில் பிறந்த ஒரு பொறியாளர், வேலை பார்த்தது கலிபோர்னியாவில். அதற்கும் முன்னால் ஃப்ரெண்ட்ஸ்டர், 2002, அதுவும் கலிபோர்னியா, அதிலும் டெஸ்டிமோனியல் இருந்தது. ஆர்குட்டை நம்மோடு சேர்ந்து தலையில் வைத்து ஆடியது பிரேசில். கிழக்கு, மேற்கு என்று கோடு கிழித்தால் பிரேசிலை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

ஜெர்மனியைப் பாருங்கள். தொழில்முறையில் வலைத்தளம் வைத்தால் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்று சட்டம். டாக்டர் பட்டம் வாங்கினால் அடையாள அட்டையிலேயே ஏறும், வீட்டு அழைப்பு மணிப் பலகையிலும் ஏறும். அதே ஆட்கள் ஃபேஸ்புக்கில் பெயரை இரண்டாக வெட்டி ‘மார் டின்’ என்று போடுவார்கள், முதலாளி தேடினால் கிடைக்கக் கூடாது என்று. புனைபெயருக்காக வழக்குப் போட்டு, 2022 ஜனவரியில் கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய், பழைய பயனர்கள் வென்றிருக்கிறார்கள். இவர்கள் மேற்கா, ஒசாகாவா?

கிள்ளான்காரன் · செவ்வாய், மதியம் 12.48

ஃப்ரெண்ட்ஸ்டர் பிறந்தது கலிபோர்னியாவாக இருக்கலாம், வாழ்ந்தது எங்கள் பக்கம். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா. அமெரிக்கக்காரன் மைஸ்பேஸ், ஃபேஸ்புக் என்று போன பிறகும் நாங்கள் அங்கேதான் டெஸ்டிமோனியல் எழுதிக்கொண்டிருந்தோம். எங்கே செய்தான் என்பதை விட எங்கே ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள்.

பிரேசிலுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களும் நம்மைப் போல வாய் ஓயாத ஆட்களோ என்னவோ.

பனித்துளி (டொராண்டோ) · செவ்வாய், இரவு 9.15

ஒரு வாரமாக இந்தத் தளத்துக்கு வாசிக்க மட்டும்தான் வாறனான், இதுக்கு எழுதாமல் இருக்கேலாது.

எங்கட சனத்திட்ட முதல் கேள்வி பேர் இல்லை, ‘எந்த ஊர்?’ ஊரைச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம், அதைச் சொன்னால் இன்னாரைத் தெரியுமோ. மூன்று கேள்வியில் உங்களை முழுக்கப் பிடிச்சிடுவினம். அப்பா ஃபேஸ்புக்கில் தன்ர பேருக்கு முன்னால் ஊர்ப் பேரைத்தான் போட்டிருக்கிறார். 1986-இல் விட்டுட்டு வந்த ஊர். ‘உங்களைப் பற்றி’ என்ற இடத்தில் படிச்ச பள்ளிக்கூடமும் ஆண்டும். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் கனடாவில் தொழிற்சாலையில் செய்த வேலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என்ர மகள் அதே வீட்டில் இருக்கிறாள். அவளின்ர பக்கத்தில் தன்னை ‘அவள்’ என்று சொல்லவேணும் என்ற குறிப்பு, ராசி, படிக்கிற துறை, ‘தமிழ்-கனேடியன்’, மூன்று சின்னப் படம். ஊர்ப் பேர் இல்லை. அவளுக்கு அந்த ஊர் தெரியாது. அப்பா ஒருநாள் அதை வாசிச்சுப்போட்டு என்னட்டக் கேட்டார், “பிள்ளை ஆற்ற பிள்ளை எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே?”

நான் ரெண்டு பேருக்கும் நடுவில். என்ர பெட்டி வெறுமையாக் கிடக்குது.

கோவைக்கிளி · செவ்வாய், இரவு 9.50

அக்கா, தாத்தா கேட்டது சரியான கேள்வி.

இங்கேயும் ஊரும் பரம்பரையும் வேறு ரூபத்தில் திரும்ப வருகிறது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கத் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் போனது இந்தியாவிலேயே தனிக் கதை. என் மச்சான் பையனுக்குப் பதினாறு வயது, அவன் இன்ஸ்டாவைத் திறந்தால் ‘ஆண்ட பரம்பரை’ என்று சிங்கப் படத்தோடு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கழற்றியதைக் கொள்ளுப்பேரன் 150 எழுத்தில் மாட்டிக்கொள்கிறான். ‘எதை ஆண்டீர்கள்?’ என்று கேட்டேன். பிளாக் பண்ணிவிட்டான்.

நெறியாளர் · செவ்வாய், இரவு 10.05

இதற்கு மேல் சாதி பற்றி இந்த இழையில் வேண்டாம். தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே 400 பதிவு, இரண்டு தடை.

ஒசாகா_கடைசிரயில் · புதன், காலை 6.50

ஸ்டுட்கார்ட் சொன்னதை ராத்திரி மனைவியிடம் சொன்னேன். மனவியல் படித்தவர், நான் கேட்டால்தான் சொல்வார். ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது வாக்கியம் எழுதச் சொல்லும் பழைய சோதனை ஒன்று உண்டாம், 1954-இல் இரண்டு அமெரிக்கர்கள் வடிவமைத்தது. அமெரிக்க மாணவர்கள் ‘நான் கலகலப்பானவன்’, ‘நான் பிடிவாதக்காரி’ என்று குணமாக எழுதித் தள்ளுவார்கள். ஜப்பானிய மாணவர்கள் அப்படிக் குறைவாகத்தான் எழுதுவார்கள், படிப்பு, சேர்ந்திருக்கும் குழு என்று போகும்.

1989-இல் ஸ்டீவன் கசின்ஸ் என்பவர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார். வீட்டில் நீ யார், பள்ளியில் நீ யார், நெருங்கிய நண்பர்களோடு நீ யார் என்று இடத்தைச் சொல்லிக் கேட்டார். முடிவு தலைகீழ். இப்போது ஜப்பானியர்தான் ‘நான் சோம்பேறி’, ‘நான் விளையாட்டுத்தனமானவள்’ என்று அமெரிக்கர்களை விட அதிகமாகக் குணத்தை எழுதினார்கள். அமெரிக்கர்கள் ‘வீட்டில் சில சமயம் மட்டும் அப்படி’ என்று இழுத்தார்களாம்.

ஆக என் நேற்றைய கட்சியைத் திருத்திக்கொள்கிறேன். பெட்டியில் எழுத வராது என்பதில்லை. ‘யாரிடம் சொல்கிறாய்?’ என்ற தகவல் அந்தப் பெட்டியில் இல்லை. மாமாவும் மேலாளரும் பழைய காதலியும் ஒரே வரியைப் படிப்பார்கள் என்றால் எதை எழுதுவது? ஜெர்மன்காரர் பெயரை வெட்டுகிறார், இங்கே கணக்கை வெட்டுகிறார்கள்.

ஸ்டுட்கார்ட்_சக்கரம் · புதன், காலை 11.30

இது பரவாயில்லை. ஆனால் 1989 மாணவர்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். இன்றைக்குக் கொரிய இளைஞர்கள் தங்கள் பக்கத்தில் நான்கு ஆங்கில எழுத்தில் எம்பிடிஐ குணவகையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இடம் பொருள் ஏவல் ஒன்றும் இல்லை, சுத்தமான குணம். அதற்கு என்ன சொல்வார் உங்கள் மனைவி?

ஒசாகா_கடைசிரயில் · புதன், மதியம் 12.10

கேட்டேன். “அது குணம் இல்லை, ராசி” என்றார். இங்கே முன்னால் ரத்த வகையைப் போடுவார்கள், ஏ வகை என்றால் ஒழுங்கானவர், பி என்றால் தன் போக்கில் போகிறவர் என்று. தன்னைப் பற்றித் தானே சொல்லாமல் ஒரு வகைப் பட்டியலைச் சொல்ல வைப்பது. மேற்கொண்டு கேட்டால் சமையலறைக்குப் போய்விடுவார் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

நடுப்பக்கம் · வெள்ளி, மாலை 5.45

இரண்டு நாளாக வேலை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதைக் குழுவில் சொல்லிப் பார்த்தேன். யாரும் தன் மூன்று வரியைத் தான் எழுதக் கூடாது, பக்கத்து இருக்கைக்காரர் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு எழுதியவன் குழுவிலேயே இளையவன், சேர்ந்து எட்டு மாதம். அவன் எழுதியது:

“பணம் செலுத்தும் பகுதியில் எது உடைந்தாலும் முதலில் இவரைக் கேளுங்கள். போன தீபாவளி வாரம் பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்ட பிழையை, ரசீது எண்களைக் கையால் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தவர். காலை பத்து மணிக்கு முன் பேச மாட்டார்.”

இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன், குறிப்பாக ரசீது விஷயம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் அதே தாள் போனது. ஜப்பானிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது, கூட்டங்களை நம் நேரம் பத்தரைக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்க மேலாளர் அந்த வரியை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். அவரோடு கூட்டம் நமக்கு இரவு எட்டு மணிக்கு, அதனால் பாதகமில்லை.

அந்தப் பையனுக்கு எழுதியது கோபி. ‘நல்ல பையன்’ என்று இரண்டே சொல். திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பனித்துளி · வெள்ளி, இரவு 8.30

நானும் செய்து பார்த்தேன். அப்பாவை எனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். கன நேரம் யோசிச்சுப்போட்டு என்ர பேர், தன்ர பேர், ஊர் எண்டு மூன்றையும் எழுதித் தந்தார். அப்பிடியே போட்டிருக்கிறன். மகள் விருப்பக்குறி போட்டிருக்கிறாள்.

கோவைக்கிளி · வெள்ளி, இரவு 8.41

எல்லாம் சரி, ஜிம் என்ன ஆயிற்று?

நடுப்பக்கம் · வெள்ளி, இரவு 9.10

இன்றுதான் அம்மாவிடம் கேட்டேன், மாற்றித் தரட்டுமா என்று. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஜிம் என்றால் உடற்பயிற்சி செய்கிற இடமா என்றார். ஆமாம் என்றேன். “இருக்கட்டும், எதிர் வீட்டுக்காரி பார்க்கட்டும்.”